சோபாக்காரர் வீட்டுச் சோபா

என் அண்ணனுக்கு இந்தத் தெருவில் பெயர் டேப்பு. கழுத்தில் எந்நேரமும் ஒரு அளவு டேப் தொங்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவான் என்று அண்ணி சொல்வார். அதுவும் சில நாள் மறந்துபோய் ஈர டேப்போடு வந்து நிற்பானாம். கிழிந்த சோபா, குழி விழுந்த சோபா, ஸ்பிரிங் குத்துகிற சோபா, எதுவாக இருந்தாலும் பழைய துணியை உரித்து, பட்டை மாற்றி, புது ஸ்பாஞ்ச் வைத்து, தைத்துக் கொடுப்பது அவன் தொழில். பதினெட்டு வருடமாகச் செய்கிறான். அவன் கைத்தொழிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் உண்டு.

கடை இருக்கிற இடத்தைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். டைல்ஸ் கடைக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. முன்பெல்லாம் மெயின் ரோட்டு நாற்காலிக் கடைக்காரர் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். புதுசு வாங்க முடியாதவர்களை "பின்னால டேப்பு இருக்காரு, போய்ப் பாருங்க" என்று தள்ளிவிடுவார். போன வருடம் அவர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். அதிலிருந்து அண்ணன் ஈ ஓட்டுகிறான்.

அண்ணியின் தம்பி ஒரு பெரிய சோபா ஷோரூமில் மேனேஜர். அவர் வந்து உட்கார்ந்து, "மாமா, எங்க பட்டறையில சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. எட்டு தையல்காரங்களைப் பாத்துக்கிட்டா போதும். முப்பதாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க, அதுக்கு மேல எடத்தை வச்சிருக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணன் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். எனக்குத் தெரியும் அவன் கதை. இளவயதில் பஸ் சீட் தைக்கும் ஷெட்டில் இருந்தபோது, முதலாளி மெல்லிசு ஸ்பாஞ்ச் வைக்கச் சொன்னதற்காகக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தவன். இன்னொருத்தர் சொல்கிற ஸ்பாஞ்சை வைக்க மாட்டேன் என்பதுதான் அவன் வாழ்க்கையில் எடுத்த ஒரே தீர்மானம். இந்தக் கடையை மூடினால் அதுவும் போய்விடும்.

"ஒரு மாசம் பாக்கலாம்" என்றான் என்னிடம். "அந்த வெப்சைட்டை நீ கொஞ்சம் பாரேன்."

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் பெயர் பதிவு செய்வேன், நேரம் கொடுப்பேன், வலியில் கத்துகிறவர்களை உட்கார வைப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் கம்ப்யூட்டர் படிப்பு.

வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெப்சைட்காரர் செய்து கொடுத்தது. அன்றுதான் அதை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். திறந்ததும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வெள்ளை சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிறது. மேலே "வருக வருக" என்று எழுத்து வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடுகிறது. அடுத்து "எங்கள் நோக்கம்". அடுத்து "எங்கள் தொலைநோக்கு". அதற்கும் கீழே என் அண்ணன். கோட்டு, டை. அந்தக் கோட்டு யாருடையதோ தெரியாது, தலை மட்டும் இவனுடையது. என்ன தொழில் என்று தேடினால் "இருக்கை அலங்காரத் தீர்வுகள்" என்று போட்டிருக்கிறது. பழைய சோபாவைப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று ஒரு இடத்திலும், ஒரே ஒரு இடத்திலும், இல்லை. ஃபோன் நம்பர் அடி மூலையில் படத்தோடு படமாக ஒட்டியிருந்தது. தொட்டால் அழைப்பு போகாது. ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீ இதைப் பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். நல்லா பளபளன்னு இருந்துச்சு."

வெப்சைட்காரருக்கு ஃபோன் செய்தால் எதற்கும் ஒரே பதில்தான். "பாத்துடலாம் மேடம்." நம்பரை மேலே வைக்கச் சொன்னேன். பாத்துடலாம் மேடம். வெள்ளைக்காரக் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். பாத்துடலாம் மேடம். நான்கு நாள் கிணற்றில் போட்ட கல். ஐந்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் ஆபீசுக்கே போய் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைக் கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல் எழுதிக் கொடுத்தார்.

முதல் வரியை மாற்றினேன். "சோபா கிழிந்துவிட்டதா? வீட்டுக்கே வந்து எடுத்துப்போய்த் தைத்துத் தருகிறோம்." அதற்குக் கீழேயே நம்பர், தொட்டால் மணி அடிக்கிற மாதிரி. கோட்டுக்காரனைத் தூக்கிவிட்டு, ஊசியும் கையுமாக இருக்கிற நிஜ அண்ணனைப் போட்டேன். நோக்கம், தொலைநோக்கு இரண்டும் குப்பைக்குப் போயின. அண்ணன் தைத்து முடித்த சோபாக்களின் படங்கள் அவன் ஃபோனில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதில் நல்லதாகப் பன்னிரண்டு எடுத்து வரிசையாக அடுக்கினேன். உண்மையாகவே அழகாக இருந்தன. ஒரு தையல் கோணல் இல்லை.

அழைப்புகள் வந்தன. அதுதான் கொடுமை.

"அந்த நீலக் கலர் சோபா என்ன வெலைங்க?"

"அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்பான் அண்ணன். "அது ஒருத்தங்க வீட்டு சோபா."

"ஒருத்தங்க வீட்டு சோபாவை எதுக்குங்க நீங்க போட்டிருக்கீங்க?"

அதற்கு அவன் உட்கார்ந்து ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பித்து இருபது நிமிடம் விளக்குவான். எதிர்முனையில் எப்போது வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. ஒருவர் அதே சோபா சந்தன நிறத்தில் கிடைக்குமா என்றார். இன்னொருவர் இரண்டு வாங்கினால் ஒரு ஸ்டூல் இலவசமா என்றார். பத்து நாளில் பதினேழு பேர். பதினைந்து பேர் புது சோபா வாங்க வந்தவர்கள். ஒருவர், யாராவது தேடினால் உங்கள் வெப்சைட் முதல் பக்கத்தில் வருகிற மாதிரி செய்து தருகிறேன் என்றவர். மீதி ஒருவர்தான் கிழிந்த சோபா வைத்திருந்தவர், அவரும் "யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். முதல் வரியில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேனே, எவரும் படிக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் படிக்கவில்லை. படத்தைப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள்.

விஷயம் எனக்குப் பிடிபட்டது எங்கள் ஆஸ்பத்திரியில்தான். வரவேற்பு அறைச் சுவரில் டாக்டர் பல் படங்கள் மாட்டியிருக்கிறார். இடதுபக்கம் சொத்தைப் பல், வலதுபக்கம் அதையே சரி செய்தபிறகு. ஆறு வருடமாக அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன். யாருமே வலதுபக்கம் பார்ப்பதில்லை. நேராகப் போய்ச் சொத்தைப் பல் முன்னால் நிற்கிறார்கள். கன்னத்தைத் தடவிக்கொள்கிறார்கள். "எனக்கும் இதே மாதிரிதாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். பிறகுதான் நாற்காலியில் நிம்மதியாக உட்காருகிறார்கள்.

அன்று மாலையே சந்துக்குப் போனேன்.

"அண்ணா, கிழிஞ்ச சோபா படம் வேணும். தைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது."

"கெடையாது."

"பதினெட்டு வருஷத்துல ஒண்ணு கூடவா எடுக்கல?"

"எடுக்க மாட்டேன். அது அவங்க வீட்டு விஷயம்."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வண்டியில் எப்போதும் எட்டுப் பழைய போர்வைகள் இருக்கும். எந்த வீட்டிலிருந்து சோபாவை வெளியே எடுத்தாலும், வாசல் தாண்டுவதற்கு முன் தலை முதல் கால் வரை போர்த்திவிடுவான். தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு மாடிவீட்டிலிருந்து சோபாவை இறக்கினானாம். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து பார்த்தார்களாம். "இவ்ளோ நாளா இதுலயா உக்காந்திருந்தாங்க" என்று ஒரு அம்மா சத்தமாகவே சொல்ல, சோபாவுக்குச் சொந்தக்காரப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். மறுநாளே போர்வை வாங்கிவிட்டான். இதைக் கேட்டால் யாருக்கும் அவன் மேல் பிரியம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தேதி பதினெட்டு ஆகியிருந்தது, பிரியத்தை வைத்து என்ன செய்ய.

"பேரு போட மாட்டேன், முகம் வராது. வெறும் சோபா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்களுக்குத் தெரியும்ல."

"அப்ப முப்பதாம் தேதி ஷோரூமுக்குப் போ. எட்டு பேரை மேய்ச்சுக்கிட்டு உக்காரு."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தான். அவனோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமை அரைநாள் உண்டு. ஹாலில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் சோபாவில் உட்காரப் போனபோது பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒருபக்கம் நழுவியது. அதை முழுக்க விலக்கினேன். ரெக்சின் பாளம் பாளமாக உரிந்து, உள்ளே ஸ்பாஞ்ச் மஞ்சள் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் அவன் மகள் சின்ன வயதில் பேனாவால் குத்திய ஓட்டைகள். அவள் இப்போது ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஊர் சோபாவையெல்லாம் தைக்கிறவன் வீட்டில் இப்படி ஒன்று.

"இதைப் படம் எடுத்துக்கவா?"

அண்ணன் டீயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக்கோ. நம்ம வீட்டுதுதான."

எடுத்தேன். பக்கத்தில் அவன் தைத்த ஒரு சிவப்புச் சோபாவின் படத்தை வைத்து வெப்சைட்டின் உச்சியில் ஏற்றினேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு.

"ஏங்க, எங்க வீட்ல இருக்கிறது இந்தப் படத்தைவிட மோசமா இருக்கும். அதெல்லாம் எடுப்பீங்களா?"

புதன்கிழமைக்குள் பதினொரு பேர். ஒருவர்கூட விலைக்குக் கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் வீட்டுச் சோபாவைப் பற்றி, ஏதோ வெகுநாள் அடக்கி வைத்திருந்ததுபோல், கொட்டித் தீர்த்தார்கள். நான்கு வீடுகள் உறுதி. அண்ணன் வேலை செய்யும்போது ஏதோ ராகம் முனகினான். எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் ஒரு வெப்சைட்டைத் திருத்தி ஆள் வரவழைத்துவிட்டேன் என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அவன் வீட்டில் இருக்கும்போது அண்ணி வந்தார். பையைக் கீழே வைத்தார், உட்காரவில்லை. அவர் பக்கத்து மேஜைப் பெண் சோபா தைக்க ஆள் தேடியிருக்கிறாள். இந்தப் படத்தைக் காட்டி, "இந்தக் கடிகாரம் உங்களுக்குக் குடுத்ததுதான" என்று கேட்டிருக்கிறாள். அண்ணி பத்து வருடம் வேலை முடித்ததற்குப் பள்ளிக்கூடம் கொடுத்த சுவர்க் கடிகாரம். பள்ளிப் பெயரோடு படத்தின் மூலையில் தெளிவாக விழுந்திருந்தது. நான் சோபாவைத்தான் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல எல்லாரும் ஃபோனை வாங்கி வாங்கிப் பாத்தாங்க" என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "யாராவது வராங்கன்னு தெரிஞ்சா விரிப்பை இழுத்து நாலு பக்கமும் செருகி, அதுக்கு மேல நானே போய் உக்காந்துக்குவேன். யாரும் தூக்கிப் பாத்துடக் கூடாதுன்னு. பதினோரு வருஷமா."

அண்ணன் எழுந்து நின்றான்.

"ஊரு வீட்டுக் கிழிசலுக்கெல்லாம் போர்வை வாங்கி வண்டியில வச்சிருக்கீங்க. என் வீட்டுக் கிழிசல் மட்டும் ஊரு பாக்கலாமாங்க?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பக்கம் திரும்பி, "எடுத்துடு" என்றான்.

"அண்ணா, இன்னும் ஒரு வாரம்தான்..."

"எடுத்துடுன்னு சொன்னேன்."

எடுத்தேன். அவன் மேல் கோபம், என் மேல் கோபம், சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் அண்ணி மேலும் கோபம். ஒரு கிழிந்த சோபாவுக்கு இவ்வளவா என்றுதான் அன்று நினைத்தேன். குழாயை மூடியதுபோல் அழைப்புகள் நின்றன. நீலச் சோபா என்ன விலை என்று மறுநாள் ஒருவர் கேட்டார்.

உறுதி சொன்ன நான்கு வீட்டில் ஒன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. வெள்ளிக்கிழமை தூக்க ஆள் இல்லையென்று அண்ணன் என்னையும் கூப்பிட்டான். சோபாவை வாசல் வரை நகர்த்திவிட்டு வழக்கம்போல் போர்வையை விரித்தான். நர்ஸம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தம்பி மூஞ்சி வரைக்கும் மூடுறீங்க? செத்தா போச்சு?"

"அக்கம்பக்கம் பாப்பாங்கம்மா. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"எனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு யார் சொன்னா? என்னைக் கேட்டீங்களா?"

அண்ணன் போர்வையின் இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றான். பதினெட்டு வருடத்தில் அவன் யாரையும் கேட்டதில்லை. போர்த்தலாமா என்றும் கேட்டதில்லை, படம் எடுக்கலாமா என்றும் கேட்டதில்லை. எல்லோர் சார்பிலும் அவனே வெட்கப்பட்டுக்கொண்டான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா. "ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா? கடை வெப்சைட்டுல போட."

"தாராளமா எடு. அந்த ஓட்டை தெரியுற மாதிரி எடு, அதுதான் மோசம்."

வண்டியில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது அண்ணன், "அவளையும் நான் கேக்கல" என்றான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். நானும்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. முப்பதாம் தேதி நெருங்குகிறது, நான்கு சோபா கடையில் காத்திருக்கிறது. இவன் சனிக்கிழமை காலை தன் வீட்டுச் சோபாவைத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் ஏற்றிவிட்டான். கையிருப்பில் இருந்ததிலேயே கனமான ஸ்பாஞ்ச். அண்ணியிடம் துணி மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு நின்றானாம். அவர் பச்சையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். அண்ணன் இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை. "இதைப் பதினோரு வருஷம் தள்ளிப்போட்ட, இன்னும் நாலு நாள் தள்ளிப்போடக் கூடாதா" என்று கேட்டேன். டேப்பால் அளந்துகொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி மாலை, சோபா ஹாலுக்கு வந்தது. அண்ணி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கைப்பிடியைத் தடவினார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். பழக்க தோஷத்தில் விரிப்பைத் தேடி ஒரு கை பின்னால் போனது, பிறகு மடிக்கு வந்துவிட்டது.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "இதோட படம் போட்டுக்கட்டுமாம்மா? புதுசு மட்டும்தான். வேணாம்னா வேணாம்."

அண்ணி பச்சைத் துணியின் ஓரத் தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். எனக்குக் குண்டூசிமேல் நிற்பதுபோல் இருந்தது.

"பழைய படத்தையும் போடுங்க" என்றார். "ஆனா கீழ நான் சொல்றதை எழுதணும்." என் பக்கம் திரும்பினார். "எழுதுறியா?"

ஃபோனை எடுத்தேன். ஆபீஸில் கடிதம் சொல்கிறவர் போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இது சோபாக்காரர் வீட்டுச் சோபா. அவர் மனைவி பதினோரு வருடம் கேட்ட பிறகு தைத்துக் கொடுத்தார்."

அண்ணன் காது வரை சிவந்துவிட்டான். "இது எதுக்குமா? வேணாமே."

"ஏங்க, ஊரு பாத்துடுமா?"

அவன் கழுத்து டேப்பைக் கழற்றினான், மடித்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். அந்த அறையில் போர்வை எதுவும் இல்லை. "போடு" என்றான் என்னிடம்.

இரண்டு படத்தையும் போட்டேன், கீழே அண்ணியின் வரியைப் போட்டேன், அதற்கு அடுத்து நர்ஸம்மா சோபாவின் ஓட்டை. கடிகாரத்தை வெட்டிவிடவா என்று இந்தத் தடவை கேட்டேன். இருக்கட்டும் என்றார் அண்ணி.

முப்பதாம் தேதி நான் லீவு போட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் அழைப்பில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பதினோரு வருஷக்காரர் கடைங்களா? எங்க வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டுனேன்." அண்ணன் குரலே எழும்பாமல், "ஆமாங்க, அது நான்தான்" என்றான். அடுத்தவரும் அதையேதான் கேட்டார். அதற்கடுத்தவரும். மதியத்துக்குள் ஆறு பேர், ஆறு பேருக்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டே அதே பதிலைச் சொல்லி, விலாசம் எழுதிக்கொண்டான்.

ஏழாவது அழைப்பு அண்ணியின் தம்பி, ஷோரூமிலிருந்து. அண்ணன் யாரென்று பார்க்காமலே எடுத்து, "ஆமாங்க, அது நான்தான்" என்றான். பிறகு, "நீயா மாப்ளே. இல்ல, நான் வரல. உங்கக்கா எழுதிக் குடுத்திருக்கா, படிச்சுப் பாரு" என்று வைத்துவிட்டு, அடுத்த சோபாவின் துணியை உரிக்க ஆரம்பித்தான்.